யஷ்வந்தபுரம் கேட் வரை

ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குடிநீர் கொண்டுவர அந்தக் காலத்தில் கட்டிய செங்கல் வாய்க்கால் ஒன்று உண்டு. ஐம்பதுகளின் நடுவில் அதை ஒட்டிய பாதையில்தான் என் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். இரண்டே மாதத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினாள். நான் கியர் மாற்றினால் எங்கள் பழைய வண்டி கதறும். அவள் கையில் முனகக்கூட முனகாது.

"உங்களைக் கண்டா அதுக்குப் பயம்" என்பாள்.

ஞாயிறு காலைகளில் போவோம். பங்குனியில் புங்கமரங்களின் தளிர் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். ஐப்பசியில் ஏரி நிறைந்து, மதகருகே பேசினால் காதில் விழாது. மார்கழிப் பனியில் வாய்க்காலைத் தாங்கும் செங்கல் வளைவுகள் மட்டும் மிதக்கும்; திரும்பும்போது ஈரம் மணக்க அவரைக்காய் வாங்குவோம். யஷ்வந்தபுரம் ரயில்வே கேட் வந்ததும் இடம் மாறிக்கொள்வோம். அதற்குமேல் நான்தான் ஓட்டுவேன்.

"மல்லேஸ்வரத்துல நம்ம தெரு வரைக்கும் ஒரு நாள் நானே ஓட்டிட்டு வரேங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பனி என்றேன், சேறு என்றேன், வெயிலில் என்ஜின் சூடாகும் என்றேன்.

"எல்லாப் பருவத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருக்கீங்க. புதுசா ஒரு பருவம் வந்தா திண்டாடிப் போவீங்க."

உண்மைக் காரணம், பெண்டாட்டி ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன் என்று ஆபீசில் சிரிப்பார்களே என்ற பயம்.

ஒரு மார்கழியில் வீட்டு வாசலில் இறங்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். "ஹெசரகட்டா ரோட்ல உங்க காரைப் பார்த்தேன். வீட்ல அவங்க ஓட்டற மாதிரி இருந்துதே?"

"பனியில சரியாத் தெரிஞ்சிருக்காது சார். இவளுக்கு பிரேக் எதுன்னே தெரியாது."

அவள் அவரைக்காய்ப் பையோடு நின்றிருந்தாள். "ஆமாம் சார், அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வாய்க்கால் பாதை வந்ததும், "நீ ஓட்டு. இன்னிக்குத் தெரு வரைக்கும்" என்றேன்.

"பிரேக் தெரியாதவகிட்ட வண்டியைக் குடுக்கலாமா? ஓட்டுங்க, டிரைவர்."

சிரித்தாள், நானும் சிரித்தேன். ஒரு வாரத்துக் கோபம் என்று நினைத்தேன். அதன்பின் எத்தனையோ பங்குனியும் ஐப்பசியும் அந்தப் பாதையில் போனோம். தளிரையும் தண்ணீரையும் பின் ஜன்னல் வழியாக ரசித்தாள், எனக்கும் காட்டினாள். ஸ்டியரிங்கை மட்டும் தொடவில்லை. இடத்தை விட்டுக்கொடுக்க நான் எப்போதும் தயாராக இருந்தேன். அன்று பொய் சொன்னது தப்பு என்று சொல்லத்தான் வாய் வரவில்லை, கடைசிவரை சொல்லவில்லை.

ஒருமுறை கேட் அருகே வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

"ரயில் போயாச்சு" என்றாள். "பின்னாடி லாரிக்காரன் காத்திருக்கான், ஏறுங்க."

ஏறினேன்.