ராமையா திறந்த மூடி

கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தபோது எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஒரு தீபாவளிக்குப் பிறகு அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடத் தொடங்கியது. கால் மணி நேரம் கழித்துக் கிளப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். டிரைவர் ராமையாவுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று திட்டி, வேலையை விட்டு நிறுத்தினேன்.

அடுத்த வாரம் என் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. நானே காரை எடுத்துக்கொண்டு ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அந்த வழியாக நடந்து வந்த ராமையா எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது.

"வேல போன பொறவும் இதத்தான் யோசிச்சிக்கிட்டே இருந்தேங்க ஐயா. மூடியில காத்து போற ஓட்டைய பெயிண்ட் அடைச்சிருக்கு. அதான் பெட்ரோல் வரல."

தீபாவளிக்குக் காருக்குப் பெயிண்ட் அடித்தவன் நான்தான்.

"ராமையா, நான் உன்ன..."

"அத அப்புறம் பேசிக்குவோங்க. மொதல்ல புள்ளயப் பாருங்க" என்று அவரே ஓட்ட உட்கார்ந்தார்.

மகள் பிழைத்தாள். திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். மஸ்கெலியாவில் லொறி ஓட்டப் போவதாகச் சொன்னார். குரலில் கோபமே இல்லை.

நான் அவரைத் திட்டியது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், தோட்டமே பார்க்க. மன்னிப்புக் கேட்டதோ ஆஸ்பத்திரி வராந்தாவில், யாரும் இல்லாதபோது. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.