எதிராத்து மாமி காணாத கோலம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பொறுமையின் வடிவம் என்று எழுதச் சொன்னார் அத்திம்பேர். எழுதலாம், அக்காவே நம்ப மாட்டார். அவருக்குப் பொறாமை உண்டு. அதுவும் ஒரே ஒருவரிடம்: எதிராத்து மாமியிடம்.

கல்லிடைக்குறிச்சியில் பிறந்த அக்கா, மணமாகித் திருவனந்தபுரம் கோட்டைக்குள் வந்தபோது வாசற்படி வெறும் வெட்டுக்கல். இரண்டு மழைக்காலமும் அதைக் கரைத்துச் செஞ்சேறாகக் கூடத்துக்குள் அனுப்பும். கைக்குழந்தையைப் பறிகொடுத்த வருஷத்திலும், அத்திம்பேர் விஷஜுரத்தில் கிடந்தபோதும், அந்தச் சேற்றை அக்கா வாய் திறவாமல் வழித்துக்கொண்டிருந்தார். எதிராத்தில் கருங்கல் படி வந்த அன்றுதான் வாய் திறந்தார். அந்தப் படியில் கோலமே செதுக்கியிருந்தது. மழையில் அழியாத கோலம்.

"பாத்தியாடா? அவ இனிமே குனியவே வேண்டாம்!"

அன்று அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் வீட்டில் தங்கி அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலுக்கும் ஒரு கருங்கல் படிக்கு உடனே படம் போட்டேன்: தெருப்பக்கம் லேசான சரிவு, அடியில் சுண்ணாம்புச் சாந்து. அக்கா படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லாசாரியிடம் ஒன்றே சொன்னார்: "அவாத்துக் கோலத்தைவிட ஆழமா வெட்டணும், கேட்டேளா?"

ஆசாரி ஆழமாகவே வெட்டினார். முதல் மழையிலேயே கோடுகளில் தண்ணீர் நின்றது, பிறகு பாசி படர்ந்தது. ஒரு காலை, கச்சேரி உத்தியோகத்துக்குப் புறப்பட்ட அத்திம்பேர் விரித்த குடையோடு சறுக்கித் தெருவில் போய் உட்கார்ந்தார்.

எதிர்வாசலிலிருந்து மாமியின் குரல்: "கோலம் நிக்கறது, பேஷ்! ஆத்துக்காரர்தான் நிக்கலே!"

மாமி சுசீந்திரம் போன நாளில் அக்கா ஆசாரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"கல்லைத் திருப்பிப் போடுங்கோ."

"அய்யோ, கோலம் காணாதே போவுமே அம்மா!"

"போகட்டும். அவ வரதுக்குள்ளே முடிச்சாகணும்."

கோலம் கீழே போயிற்று. மேல்முகத்தைக் கால் வழுக்காதபடி கொத்தி, இம்முறை என் சரிவையும் வைத்தோம். அதன்பின் ஒரு துளி உள்ளே வந்ததில்லை. தெரு முழுக்க அக்காவைப் புகழ்ந்தது. சரிவு என் யோசனை என்பதை இந்த மலரிலாவது சொல்லிக்கொள்கிறேன்.

புதுக்கல் என்றே மாமி நினைத்தார். அவர் படியோ ஒவ்வொரு மழைக்கும் ஆட்டம் கண்டது. எங்கள் படி அசையவில்லை. செதுக்கிய கோடுகளுக்குள் அடியில் போட்ட சாந்து இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா தினமும் குனிந்து மாக்கோலம் போட்டார். அழிந்தால் மறுபடி போட்டார். "நான் இருக்கறவரைக்கும் அவகிட்டே மூச்சு விடப்படாது" என்பது எனக்கு உத்தரவு.

கடைசி நாட்களில் படுக்கையிலிருந்தபடியே கேட்டார்: "எதிராத்துப் படி இப்பவும் ஆடறதா?"

"ஆடறது அக்கா."

முகம் மலர்ந்தது. மருந்தையும் குடித்தார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட வைத்தியருக்கும், மழையில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. காரியம் முடியும்வரை எங்கள் வீட்டுக்குச் சமைத்துப் போட்டவர் எதிராத்து மாமிதான். போகும்போது எங்கள் படியைக் குதிகாலால் அழுத்திப் பார்த்து, "இது மட்டும் எப்படிடா அசையலே?" என்று கேட்டார். அன்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

மாமி, உங்களைப் பார்த்து வெட்டிய கோலம் அடியில் இருக்கிறது. அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.