ஐம்பத்தைந்துக்கு அரைப்புள்ளி குறைவு

பென்சில் முனையைக் கட்டைவிரல் நகத்தில் அழுத்திப் பார்த்து, உடையாது என்று தெரிந்த பிறகுதான் லோர்னா விட்மர் மைதானத்தின் பக்கமே திரும்புவார். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஹார்மன் கிராசிங் பள்ளி மைதானத்துக்கு மேலே இருக்கும் மரக்கூண்டில் இடது ஓர நாற்காலி அவருடையது. மடியில் கம்பளி, காலடியில் காபி பிளாஸ்க், முன்னால் கட்டம் போட்ட தாள். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் குவார்ட்டர்பேக். அவன் எறிந்த பந்து எத்தனை, அதில் கைக்குப் போய்ச் சேர்ந்தது எத்தனை, அதனால் எத்தனை கஜம் முன்னேறினார்கள் என்று இருபத்தெட்டு வருடமாக இந்த ஊருக்கு அவர்தான் எழுதுகிறார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்து ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறார். வயது அறுபத்தொன்று. பின்சீட்டில் மல்லுக்கட்டும் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்கார வைத்துவிடுவார். அதே பார்வை பெரியவர்களிடம் பலிப்பதில்லை என்பது அவருடைய தீராத எரிச்சல்.

சனிக்கிழமை காலை டெல்மா கடையில் பான்கேக் தின்னப் போனால் அந்த எரிச்சல் முழு உருவத்தில் எதிரே வந்து உட்காரும். போன வருடத்துக் குவார்ட்டர்பேக் மெரிக் பையனுடைய பெரியப்பா, தாடியில் சிரப் ஒட்டிக்கொண்டிருக்க, லோர்னாவின் தாளையே லோர்னாவுக்குப் படித்துக் காட்டுவார்.

"நீ எழுதினதுதானே லோர்னா? எங்க பையனுக்கு நூத்துக்கு அறுபத்திரண்டு. அப்புறம் என்ன பேச்சு?"

"ரெண்டு கஜம் தள்ளி நின்னவன் கையில பந்தைத் தூக்கிப் போட்டான். அவன் எழுபது கஜம் ஓடினான். எழுபதும் யார் பேர்ல ஏறுச்சு? எறிஞ்சவன் பேர்ல. ஏத்தினது நான்தான், விதி அப்படி. அதுக்காக இவனைப் பெரிய ஆளுன்னு நான் எங்கயாவது சொன்னேனா?"

"எண்ணி எழுதுறவளே எண்ணிக்கையை நம்பலைன்னா எப்படி?"

"எண்ணி எழுதுறதாலதான்யா நம்பலை" என்று சொல்லிவிட்டு, பான்கேக்கை அது ஏதோ குற்றம் செய்தது போல வெட்டுவார்.

அவருடைய தாள்களில் கட்டங்களுக்குள்ளே பென்சில், ஓரத்தில் பச்சை மை. கட்டத்துக்குள் அடங்காததெல்லாம் பச்சையில் வரும். 'மார்பில் போய் விழுந்தது, தவறவிட்டான்.' 'மூன்று பேர் துரத்தினார்கள், கோட்டுக்கு வெளியே வீசிவிட்டான், நல்ல புத்தி.' இந்தப் பச்சை எழுத்தை யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் பென்சிலை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

மைதானத்து வாசலுக்கு மேலே நீளமாக ஒரு பலகை. பெரிய குவார்ட்டர்பேக்குகளின் பெயர்கள் வருட வாரியாக அதில் இருக்கும். தலைப்பில் 'ஐம்பத்தைந்து சதவீதமும் அதற்கு மேலும்' என்று ஒரு வரி. கடைசி வருடத்தில் எறிந்த நூறில் ஐம்பத்தைந்தாவது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகையில் இடமில்லை. இந்த விதியைக் கொண்டுவந்தவர் யார்? சாட்சாத் லோர்னாவேதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு அப்பனும் தன் பிள்ளை பெயரைப் பலகையில் ஏற்றச் சொல்லி அவர் உயிரை வாங்கினான். ஒருவன் கிறிஸ்துமஸுக்கு முழுப் பன்றித்தொடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். விதி வந்த பிறகு எல்லார் வாயும் அடைத்தது. லோர்னா நிம்மதியாகத் தூங்கினார், ஏழு வருடம்.

எட்டாவது வருடம் நீல் ஷ்ராக் வந்தான். பால்பண்ணையில் கூலி வேலை பார்த்தவரின் மகன். எறிந்தது இருநூற்றைம்பது, சேர்ந்தது நூற்று முப்பத்தேழு. ஐம்பத்து நான்கு புள்ளி எட்டு. அந்த வருடம் அவனுக்குப் பந்து பிடிக்க வாய்த்தவர்களுக்கு வெண்ணெயில் செய்த கைகள். அதைச் சொல்ல லோர்னாவின் தாளில் இடமில்லை. பச்சைப் பேனா வாங்கியது அதற்கு அடுத்த வருடம்தான். நீல் இப்போது பஸ் ஷெட்டில் மெக்கானிக். ஏழாம் நம்பரின் பிரேக்கைப் பதினெட்டு வருடமாக அவன்தான் பார்க்கிறான். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவை கோபமாகத் திட்டியிருந்தால்கூட லோர்னாவுக்கு மனசு ஆறியிருக்கும்.

இந்த வருடம் கிளேட்டன் ஹூபர். லோர்னா தன் நாற்காலியிலிருந்து பார்த்தவர்களில் இவனுக்கு மேல் ஒருவன் கிடையாது. வழி அடைபட்டால் வீம்புக்கு எறிந்து எதிராளிக்குத் தாரை வார்க்க மாட்டான். ஆளில்லாத இடத்தில் வீசிவிட்டு அடுத்த முறைக்குத் தயாராவான். நேரம் தீரப் போனால் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்துவான், ஆட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஊர் பத்து ஆட்டம் ஜெயித்தது அந்தப் புத்தியால்தான். ஆனால் வெளியே வீசியதும் தரையில் அடித்ததும் கட்டத்துக்குள் வந்தால் தவறிய பந்துதான். எறிந்தது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது, சேர்ந்தது நூற்று அறுபத்து மூன்று. ஐம்பத்து நான்கரை.

ரசிகர் சங்கத் தலைவர் மெர்ல் கேஃப்னி தாளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"மூணு பந்து, லோர்னா. மூணே மூணு. தரையில அடிச்சதை எவனாவது எறிஞ்சதுன்னு சொல்வானா? ரப்பரால ஒரு இழுப்பு, ஐம்பத்தஞ்சு வந்துரும்."

"தரையில அடிச்சாலும் கணக்குல அது எறிஞ்ச பந்துதான்."

"அவன்தான் எல்லாரையும்விட ஒஸ்தின்னு நீயே சொல்றியே."

"சொல்றேன். சர்ச் வாசல்ல நின்னுகூடச் சொல்றேன். அழிக்க மாட்டேன்."

"அம்மா தாயே, அப்ப விதியைத் தூக்கிரலாம்."

"தூக்கு. அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை உன் வீட்டு வாசலுக்கு வரும், சமைச்சுச் சாப்பிடு."

மெர்ல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உனக்கு என்னதான் வேணும்?"

ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. லோர்னா அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"இவனுக்கு மூணு பந்து அழிக்கணும். அதோ, அந்தக் காலுக்கு ஒண்ணே ஒண்ணு அழிச்சிருந்தா போதும். அன்னைக்கு நீ ரப்பர் எடுத்துக்கிட்டு வந்தியா மெர்ல்?"

பஸ்ஸுக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றுபோயிருந்தது. மெர்ல் தாளை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் சங்கம் சுலபமாக வழி கண்டுபிடித்தது. விதி அப்படியே இருக்கும், ஹூபருக்கு மட்டும் விலக்கு. கை தூக்காதவர் லோர்னா ஒருவர்தான். நீல்கூடத் தூக்கினான், தூக்கியபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மேல் வந்த கோபத்தில் லோர்னா கோட்டின் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியேறினார். பிள்ளைகளை நல்லவர்களாக வளர்த்தால் இப்படித்தான் நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்கள் என்று பார்க்கிங்கில் யாரிடமோ சொன்னாராம்.

பலகையில் பெயர் எழுதுவதும் அவர் வேலைதான். பஸ் நம்பர்களை எழுதிப் பழகிய கை. அடுத்த சனிக்கிழமை காலை ஷெட்டிலிருந்து ஏணியை எடுத்து வந்து நீல் பிடித்துக்கொண்டான். மெர்லும் இன்னும் நாலு பேரும் கையில் காபியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். லோர்னா ஏறி, கடைசி வரியில் கிளேட்டன் ஹூபர் என்று எழுதினார். எழுத்து அழகாக விழுந்தது. பிறகு, வேறு எந்தப் பெயருக்கும் இல்லாதபடி, பக்கத்தில் 54.5 என்று எழுதினார்.

"அதை எதுக்கு எழுதுறே?" என்றார் மெர்ல் கீழேயிருந்து. "மேலயே ஐம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. பாக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காருக்குப் போனார்கள். நீல் ஏணியை எடுக்கப் போனான்.

"எடுக்காதே. இடது பக்கம் நகர்த்து."

"அங்க எழுத என்ன இருக்கு?"

"நகர்த்துன்னா நகர்த்து."

இடது பக்கம் பழைய வருடங்கள். நெருக்கமாக எழுதிய இரண்டு பெயர்களுக்கு நடுவே இரண்டு விரல் அகலம்தான் இடம் இருந்தது. லோர்னா சின்னத் தூரிகைக்கு மாறிக்கொண்டார். முதல் எழுத்து விழுந்ததுமே நீலுக்கு விளங்கிவிட்டது.

"லோர்னா, அது விதிப்படி வராது. ஐம்பத்து நாலு புள்ளி எட்டு."

"தெரியும். எழுதினது நான்தானே?"

பெயரை முடித்து எண்ணுக்கு வந்தபோது, நீல் பிடித்திருந்த ஏணி லேசாக ஆடியது. அவர் கீழே பார்க்கவில்லை. இடது கையால் பலகையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, ஆட்டம் நிற்கும்வரை தூரிகையைப் பெயிண்ட் டப்பாவுக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.