வாசலுக்கு எத்தனை பெயர்

வாசலைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த நான், என் வீட்டு வாசலுக்கே வெளியே இடுப்பில் துண்டோடு மாட்டிக்கொண்டு நின்றேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேப்பர் எடுக்க வந்தேன். காற்றில் கதவு சாத்தி லாட்ச் விழுந்துவிட்டது. மனைவி மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். என் போன் உள்ளே.

எதிர் ஃபிளாட் மாமி கதவைத் திறந்தார். "என்ன, இப்படி நிக்கறேள்?"

உண்மையைச் சொல்ல மானம் இடம் தரவில்லை. "வாசலைப் பத்தி ஒரு கட்டுரை மாமி. நின்னு பாத்தாத்தான் எழுத வரும்."

"துண்டோடயா?"

காதில் விழாததுபோல் தொடர்ந்தேன். 'வாயில்' என்ற சொல்தான் பேச்சில் வாசலாயிற்று. பழந்தமிழில் கடை என்றாலும் வாசல். 'புழக்கடை' என்ற சொல்லில் அது இன்னும் ஒளிந்திருக்கிறது. சிறிய வாசல் புழை. பெரிய கதவுக்குள் இருக்கும் சின்னக் கதவு திட்டிவாசல். எங்கள் கதவில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அப்போதே தவழ்ந்து உள்ளே போயிருப்பேன்.

மாமி மூக்கை உறிஞ்சினார். "பால் தீயற வாசனை வரதே. உங்காத்துலயா?"

"ஆமாம் மாமி. கதவு சாத்திண்டுடுத்து."

மாமி உள்ளே போய், ஆணியில் தொங்கிய எங்கள் வீட்டு இன்னொரு சாவியை எடுத்து வந்தார். இந்தக் கட்டடத்தில் அவரவர் மாற்றுச் சாவி எதிர் வீட்டில்தான் இருக்குமாம். எனக்கு மட்டும் தெரியாது.

சாயங்காலம் கரி பிடித்த பாத்திரத்தை நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: "வாசலுக்கு அத்தனை வார்த்தை வரது. 'மாமி, வெளில மாட்டிண்டுட்டேன்'னு மூணு வார்த்தை வரலையே!"