ரம்பத்துக்குப் பல் வைப்பவள்

நாகவல்லி என்ற பெயரை முத்தம்மாள் முதன்முதலில் கேட்டது, அவளுடைய சின்னண்ணன் கன்னியப்பனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த பெரியம்மா வாயால்தான். "திருநின்றவூர் பொண்ணு. அப்பன் மரம் அறுக்குறவன். ஊட்டுல ஆம்பளப் புள்ள இல்லேன்னு அரத்தைப் பொண்ணு கையில குட்த்துகீறான். கை மரக்கட்டையாட்டம் கீதுடி!"

அந்தக் கையோடுதான் அயனம்பாக்கத்துக்கு மருமகளாக வந்தாள். ஊர்ப் பெண்கள் நாற்று நடப் போனால், இவள் ரம்பத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்காருவாள். ஒரு பல்லை இடப்பக்கம் தட்டிச் சாய்ப்பாள், அடுத்ததை வலப்பக்கம். பிறகு கொண்டையில் செருகிய ஊசியை எடுத்துப் பல் வரிசையின் நடுவே விடுவாள். அது விழாமல் முனைக்கு முனை வழுக்கிப் போனால்தான் எழுந்திருப்பாள். அதுவரை யார் கூப்பிட்டாலும் 'உம்'தான்.

உலகச் சண்டை வந்தது. ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போட்டார்கள். மரம் அறுக்க நூறு பேர் கிடைத்தார்கள்; பல் வைக்கத் தெரிந்த இரண்டு பேரும் பட்டாளத்தோடு கப்பல் ஏறிவிட்டார்கள். கண்டிராக்டர் ஜானகிராமன் நாகவல்லியைக் கூப்பிட்டார். அவள் மேஸ்திரிக் கூலி கேட்டாள்.

"பொம்பளைக்கு அரைக் கூலிதாம்மா."

"தீட்னது ஆம்பளையா பொம்பளையான்னு ரம்பத்துக்குத் தெரியுமா நைனா?" அரத்தை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

முத்தம்மாள் அவளை வாசலிலேயே மறித்தாள். அண்ணன் கால் முறிந்து படுத்து ஆறு மாதம். அடுப்பெரிய வேறு வழியில்லை. "அரையோ காலோ, வாங்கிக்கினு வர்றதுதானே அண்ணி? இன்னா ராங்கி உனக்கு!"

"அரைக்கு ஒரு நா குந்துனா, சாவற வரைக்கும் அரைதான் முத்து."

ஜானகிராமன் வேறோர் ஆளைப் பிடித்தார். அவன் எல்லாப் பல்லையும் ஒரே பக்கம் சாய்த்துவிட்டான். ரம்பம் என்னவோ பளபளத்தது. பலகைகள்தாம் வாழைப்பழம்போல் வளைந்து வந்தன. மழையோ தலைக்கு மேல் நின்றது. நான்காம் நாள் பதினெட்டு ரம்பங்களை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு ஜானகிராமனே வாசலுக்கு வந்தார்.

"மேஸ்திரிக் கூலியே தரேன், வாம்மா."

"கூலி மட்டும் பத்தாது. காலையில ஆள் கூப்புடறப்ப மேஸ்திரிங்களோட என் பேரையும் கூப்டணும்."

அவர் முத்தம்மாள் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணிக்கு நீயாவது எடுத்துச் சொல்லும்மா."

முத்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "மேஸ்திரி கேக்குறாங்க இல்ல? பதில் சொல்லு நைனா."

நாகவல்லி இப்போது ஆவடி மரப்பட்டறையில் இருக்கிறாள். காலையில் மேஸ்திரிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மூன்றாவது பெயர் அவளுடையது.