தைக்காத மெசின்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்துப் பிழை இருந்தால் குறை நினைக்காதீர்கள். ஞாபகமும் முன்போல இல்லை; ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் மற்றது நழுவிவிடுகிறது. பெறாமகள் கேட்டாள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவள் என் தங்கையின் மகள், சாவகச்சேரியில் இருக்கிறாள். பலகையில் பூ வெட்டுகிற கரண்ட் வாள் ஒன்று வாங்கப் போகிறாளாம். அவளுக்கு அதுதான் முதல் வாள். கையில் இருக்கிற காசோ கொஞ்சம். போன வாரம் வந்திருந்து, போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி, "பெரியம்மா, இதிலை எது வடிவாக் கிடக்கு?" என்று கேட்டாள்.

"வடிவைப் பாராதை. தட்டிலை ஒரு குத்திக்காசை நிமித்தி வைச்சு ஓட்டிப் பார். கழுத்துக்குள்ளை கையை விட்டுப் பார். அலகு முறிஞ்சால் உங்கை கடையிலை வேறை வாங்கலாமோ எண்டு கேள்" என்றேன்.

அவள் போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உதெல்லாம் ஆர் பெரியம்மா உங்களுக்குச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. குஞ்சம்மா செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

குஞ்சம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. பருத்தித்துறைக்குக் கிட்ட எங்கள் வீட்டோடுதான் இருந்தார். பட்டம் ஏற்றுகிற காலம் வந்தால் ஒழுங்கைப் பெடியள் வேலிக்கு வெளியே நின்று கூப்பிடுவது அவரைத்தான். பட்டத்தின் தலையில் வில்லுப்போலக் கட்டி, காற்றில் கூவ வைக்கிற விண்ணுக்கு நார் சீவி இழுத்துக் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கட்டியதும் விரலால் ஒருமுறை சுண்டுவார். காதைச் சரித்துக் கேட்பார். மனதுக்குப் பிடிக்காவிட்டால் அவிழ்த்து மறுபடி இறுக்குவார். பிறகு மேலே போன பட்டம் எது என்று பார்க்கத் தேவையில்லை, கூவலைக் கேட்டே குஞ்சம்மாவின் விண் என்று சொல்லிவிடலாம்.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் கரியால் மானும் மயிலும் கீறி, கறிக்கத்தியால் வெட்டுவார். கதவு நிலைக்கு மேலே காற்றுப் போக வைக்கிற பூப்பலகை போல ஒன்று தன் கையால் வெட்ட வேண்டும் என்று ஆசை; அதற்கு ஒரு சின்ன வாள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கறிக்கத்தி வளைவில் திரும்புமா? மானுக்குக் கால் முறியும், குஞ்சம்மாவுக்கு விரல் வெட்டுப்படும். ஆனால் பலகைக்குக் குறைவில்லை. விதை வெங்காயம் போட்டு வைக்க என்று சொல்லி என்னைப் பெற்ற ஐயா கடைகளில் வெறும் பெட்டி வாங்கி வந்துகொண்டே இருப்பார். வெங்காயம் வழக்கம்போலக் கூரை வளையில் பிடி பிடியாகத் தொங்கியது. பெட்டிகள் வீட்டுக்குப் பின்னால் கோடியில் அடுக்கிக் கிடந்தன.

ஒருநாள் வெட்டுக் கொஞ்சம் ஆழமாகப் பட்டுவிட்டது. சீலைத் துண்டால் விரலைக் கட்டிக்கொண்டே அம்மா பொரிந்து தள்ளினார்.

"பொம்பிளைப் பிள்ளைக்குக் கத்தியும் வாளும் என்னத்துக்கு? விரல் போனால் ஆர் இவளைக் கட்டுவான்? இந்தமுறை வெங்காயக் காசிலை ஒரு தையல் மெசினை வாங்கிக் குடுங்கோ. இருந்து தைக்கட்டும்."

"ஓம், வாங்குவம்" என்றார் ஐயா. அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

எனக்குப் பெரிய புளுகம், துள்ளிக் குதித்தேன். முதல் சட்டை எனக்குத்தான் என்று அம்மா சொல்லியிருந்தார். குஞ்சம்மாவின் முகம்தான் வாடிப்போயிற்று. அந்தக் காசில் ஒரு பழைய மெசின் வாங்கலாம், அதற்கு மேல் ஒன்றும் வாங்க முடியாது. மெசின் வந்தால் அவருடைய மானும் மயிலும் அதோடு சரி. வாள் என்ற பேச்சை இனி அந்த வீட்டில் எடுக்க ஏலாது.

தையல் பார்த்துப் பழகு என்று அம்மா அவரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். நானும் போவேன். அந்த வீட்டு மாமி தைக்கும்போது குஞ்சம்மா துணியைப் பார்க்க மாட்டார். குனிந்து மெசினின் அடியைப் பார்ப்பார். பிறகு ஊசி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றவர் தன்பாட்டில் சிரித்தார். அதன் பிறகு மெசின் வாங்க எப்போது போவது என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

யாழ்ப்பாணத்தில் பெரியகடைச் சந்தைப் பக்கம் பழைய மெசின் விற்கிற கடை ஒன்று இருந்தது. ஐயா, குஞ்சம்மா, நான், மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். வாசலிலேயே ஒரு மெசின். பச்சை நிறம், கழுத்தில் தங்கப் பூ. அதுதான் எங்களுடையது என்று நான் போய்த் தொட்டுக்கொண்டு நின்றேன்.

குஞ்சம்மா ஐயாவிடம் ஒரு குத்திக்காசு வாங்கினார். அதைப் பச்சை மெசினின் தட்டில் விளிம்பில் நிமிர்த்தி வைத்துவிட்டு மெதுவாக மிதித்தார். காசு ஆடி விழுந்து உருண்டது.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, காசு தைக்கப் போறியளோ?"

"அவள் பாக்கட்டும் அண்ணை" என்றார் ஐயா.

குஞ்சம்மா ஒவ்வொரு மெசினாகக் காசை நிமிர்த்திக்கொண்டே போனார். கழுத்துக்குள் கையை விட்டுச் சாண் போட்டார். ஊசி பூட்டுகிற தண்டைப் பிடித்து அப்படி இப்படி அசைத்துப் பார்த்தார். கடைசியில் மூலையில் கிடந்த ஒரு கறுப்பு மெசினுக்கு முன்னால் இருந்தார். பூச்சு உரிந்து, துணி போடும் தட்டெல்லாம் கீறல். காசை வைத்து மிதித்தார். காசு நின்றது. வேகமாக மிதித்தார். அப்போதும் அது நின்றது.

"அத்தான், உது போதும்."

கடைக்காரர் நேர்மையான மனுசன். "உதை விட்டிட்டு வா தங்கச்சி. உது தைக்காது. கீழ்நூல் எடுக்கிற சாமான் உடைஞ்சு போச்சு. கழட்டி விக்கத்தான் வைச்சிருக்கிறன்."

"தைக்காட்டில் என்ன. மிதிக்குதுதானே" என்றார் ஐயா.

கடைக்காரர் ஐயாவையும் குஞ்சம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு, "உங்கடை வீட்டிலை எல்லாரும் உப்பிடியோ?" என்று கேட்டார்.

நான் பச்சை மெசினைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. மெசின் மலிவாகத்தான் முடிந்திருக்க வேண்டும். ஐயா எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு எதிரே இருந்த இரும்புக்கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இல்லை.

மெசினைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றினார்கள். உள்ளே நல்ல சனம். ஐயா வழக்கமாக என்னை மடியில் வைத்திருப்பார். அன்று வைத்திருக்கவில்லை. சேட்டின் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல், ஆரும் இடிக்க வந்தால் மற்றக் கையால் தடுத்துக்கொண்டு வழிநெடுக நிமிர்ந்தபடி இருந்தார்.

"ஐயா, நெஞ்சு நோகுதோ?"

"இல்லைப் பிள்ளை. சும்மா இரு."

வீட்டில் அம்மா மெசினை ஒரு தரம் சுற்றி வந்தார். "தைக்காத மெசினைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறியள். நல்ல மச்சாளும் நல்ல அத்தானும்."

"மலிவாக் கிடைச்சுது" என்றார் ஐயா.

அம்மாவின் கோபத்தைப் பார்க்க எனக்குப் பயமாகிவிட்டது. ஐயாவுக்கு நெஞ்சு நோ, பஸ்ஸில் பிடித்துக்கொண்டே வந்தார் என்று மெல்லச் சொன்னேன். அம்மா பேச்சை நிறுத்திவிட்டுக் குசினிக்குப் போய் மல்லிக் கோப்பி போட்டு வந்தார். ஐயா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கோப்பியை முழுக்கக் குடித்தார்.

அடுத்து வந்த நாட்களில் குஞ்சம்மா ஊசியைக் கழற்றி, அந்த இடத்தில் நூல்போல மெல்லிய வாள் அலகு ஒன்றைப் பூட்டினார். அலகின் அடியைச் சைக்கிள் ரியூப் வெட்டிய பட்டியால் கீழே இழுத்துக் கட்டினார். விண்ணைச் சுண்டுகிற மாதிரியே அலகைச் சுண்டினார். காதைச் சரித்துக் கேட்டார், அவிழ்த்தார், இறுக்கினார். அது கிண்ணென்று பாடியபோது தேயிலைப் பெட்டிப் பலகையை எடுத்துத் தட்டில் வைத்து மிதித்தார். கால் மிதிக்க, இரண்டு கையும் பலகையைத் திருப்ப, மயிலின் கழுத்து ஒரு முறிவும் இல்லாமல் வளைந்து வந்தது. எத்தனையோ பேருடைய கைவேலையைப் பிறகு பார்த்திருக்கிறேன். பலகை அப்படித் தண்ணீர்போலத் திரும்பியதை வேறெங்கும் நான் காணவில்லை.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தார். ஏசப் போகிறார் என்று நான் நினைத்தேன். கிட்ட வந்து குனிந்து, "வாலிலை இன்னும் ரண்டு கண் வெட்டலாம். இடம் கிடக்கு" என்றார்.

அந்த மயில் எங்கள் வீட்டு நிலைக்கு மேலே ஏறியது. பிறகு ஊரில் ஆர் புது வீடு கட்டினாலும் குஞ்சம்மாவைத் தேடி வந்தார்கள். எனக்குச் சட்டை பக்கத்து வீட்டு மாமிதான் தைத்துத் தந்தார்.

அலகுகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மெசினோடு வந்திருக்கும் என்று நினைத்தேன். கடதாசியில் சுற்றிக் கிடந்தன. மடங்கினால் முறிந்துவிடும் என்று குஞ்சம்மா என்னைத் தொட விடவில்லை. ஐயா அதற்குப் பிறகு நெஞ்சைப் பிடித்ததே இல்லை. அம்மாவிடம் நான் சொல்லிக் குடிக்க வைத்த மல்லிக் கோப்பியில்தான் சுகம் வந்தது என்று கனகாலம் பெருமையாக இருந்தேன்.

சாமான்களின் பெயர் சிலது பிழையாக இருக்கும். அந்தக் கடை எந்தத் தெருவில் என்பதும் எனக்கு இப்போது தெரியாது. பழைய மெசின் தெரிந்த ஆராவது இதை ஒருக்கால் பார்த்துத் திருத்திவிடுங்கள். ஐயா பஸ்ஸில் நிமிர்ந்து இருந்தது மட்டும் சரி. அதில் கை வைக்க வேண்டாம்.