கண் திறக்காத வேலாயி

தூரிகையை நாக்கில் கூராக்கி, பலகையில் வரைந்த பெண்முகத்தருகே கொண்டுபோய், பிறகு எதையோ மறந்தவர்போல் சேலைக் கரைக்கு இறங்கிவிடுவார் காளிமுத்து. புக்கிட் ரம்பாய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கொஞ்ச நாளாக இதுதான் கூத்து. கரை நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது, மூக்குத்தி மின்னுகிறது, முகத்தில் கண் மட்டும் இல்லை.

மலாக்கா வட்டாரத்து மாரியம்மன்களில் பாதிப்பேர் இவர் கையால் வண்ணம் பூசிக்கொண்டவர்கள். மனிதரை வரைந்தால்தான் தகராறு. ஒருமுறை கங்காணியை வரையப்போய், அவர் கோரைப்பல்லோடு முனீஸ்வரனாக வந்து நின்றார். "ரொம்பப் பொருத்தம்லா!" என்று லயமே சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை.

இப்போது பலகையில் இருப்பவள் அவர் மனைவி வேலாயி. எதிரே பாயில் சாய்ந்து கிடக்கிறாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கையை விரித்துவிட்டார். உடம்பு கரைந்துவிட்டது, வாய் கரையவில்லை. சேலைக்குப் பூசிய பச்சை, துரை பங்களாவுக்கு அடித்து மிஞ்சியது.

"தொரை வீட்டுச் சன்னலையே எனக்குக் கட்டி விட்டுட்டியேய்யா!"

"ஆடாம கெட."

"நான் எங்க ஆடுறேன்? உன் கைதான் ஆடுது."

சிலைக்குக் கண் திறந்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. சாமி கோயிலுக்குப் போய்விடும். வேலாயியும் அப்படிப் போய்விடுவாள் என்று அவருக்குப் பயம். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல், "கறுப்புச் சாயம் தீந்துபோச்சு, பாசாருக்குப் போவணும்" என்பார். அடுப்படியில் டப்பா நிறையக் கறுப்பு இருப்பது அவளுக்குத் தெரியும்.

நேற்றுக் காலை அவளே கேட்டுவிட்டாள். "எனக்குப் பார்வை மங்குதுய்யா. என் மூஞ்சிய நான் பாக்க வேணாமா? இப்படிக் குருடியா விட்டுட்டா, அப்பறம் உன்னை யாரு மொறைக்கிறது?"

காளிமுத்து அடுப்படியிலிருந்து கறுப்பு டப்பாவை எடுத்துவந்து திறந்தார்.

சாமிக்குக் கண் திறக்கும்போது அவர் எதிரே உட்காருவதே இல்லை. உக்கிரமான முதல் பார்வை மனிதர்மேல் விழக்கூடாதென்று, பக்கவாட்டில் ஒதுங்கி, கண்ணாடியில் பார்த்தபடிதான் தீட்டுவார். அது தெரிந்த அடுத்த வீட்டு சுப்பம்மா கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கித் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"தள்ளிக்கய்யா, மொதப் பார்வை உம்மேல விழுந்துரும்" என்று பதறினாள் வேலாயி.

காளிமுத்து பலகைக்கு நேர் எதிரே சம்மணமிட்டு, மூச்சுப் படும் தூரத்துக்கு நெருங்கி, அவளுடைய இரண்டு கண்களையும் வரைந்தார்.